இளவட்டம் கடந்த பின்

நம் தென் மாவட்டத்துச் சிற்றூர்களில் கோயில் வாசலிலோ மந்தைவெளியிலோ உருண்டையான கல் ஒன்று கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். குந்தி அமர்ந்து, இரு கைகளாலும் அணைத்து, முழங்காலில் ஏற்றி, மார்புக்குக் கொணர்ந்து, தோளில் சேர்த்துப் பின்புறமாகப் போட்டுவிட வேண்டும். அப்படிப் போட்டவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெயரை அண்மையில்தான் ஊன்றிக் கவனித்தேன். இளவட்டத்துக்குக் கல் உண்டு. நாற்பது கடந்தவருக்கென்று தனிக்கல் எதையும் நான் கண்டதில்லை.

கவனிக்கச் செய்தவர் என் தாய்மாமன். எங்கள் ஊர் வேலூரை அடுத்த சத்துவாச்சாரி. பளு தூக்குவதில் அவ்வூருக்கு உள்ள பெயர் பலரும் அறிந்ததே. 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோப் பிரிவில் ஸ்னாட்ச் முறையில் 149 கிலோவும், கிளீன் அண்டு ஜெர்க் முறையில் 179 கிலோவும், ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் பெற்ற சதீஷ் சிவலிங்கம் அவ்வூரினர். 2018இல் கோல்டுகோஸ்டிலும் அவரே தங்கம் பெற்றார். அவருக்கு மூத்த தலைமுறையில், பெயர் வெளியே தெரியாமல் அதே ஊரில் இரும்பு தூக்கியவர்கள் பலர். என் மாமா அவர்களுள் ஒருவர். இரயில்வேயில் வேலை கிடைத்து வடக்கே வந்தவர், இருபதாண்டுகளாகக் காசியில் குடியிருக்கிறார். உயிர்வேதியியல் முதுகலை படிக்க நான் இங்கு வந்தபோது எனக்கு 21 வயது, அவருக்கு 47.

வந்த மறுவாரமே, "மாப்ளே, சும்மா புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழாதே. காலையில அஞ்சு மணிக்கு வா, இரும்பைத் தொடுவோம்" என்றார். பதினைந்து ஆண்டுகளாகத் தொடாதிருந்த இரும்பு! என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைத் தொட அவருக்கு ஆசை. நானோ படித்தவன் என்ற மிதப்பில் ஒரு பயிற்சி அட்டவணை எழுதினேன். திங்கள், செவ்வாய், வியாழன், சனி ஆகிய நான்கு நாளும் கடும் பயிற்சி, வாரந்தோறும் எடை ஏற்றம். இருபது வயது வீரர்களுக்கென வகுத்த அட்டவணை அது. இருவருக்கும் அதுவே. "நீ தூக்குறதை நான் தூக்க மாட்டேனா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பத்து வாரத்தில் அவர் பலம் வியக்கத்தக்க அளவில் திரும்பியது. பழைய உடம்பு பழைய வித்தையை மறக்கவில்லை. பதினொன்றாம் வாரம் ஒரு நாள், தோளில் தைலம் பூசிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, "குளிர்டா" என்றார். கார்த்திகை மாதக் காசிக் குளிரை அறிந்தவர்கள் அதை நம்பத்தான் செய்வார்கள். பன்னிரண்டாம் வாரம் ஜெர்க் எடுத்து இரும்பைத் தலைக்குமேல் நிறுத்தியவர், திடீரென வலக்கை மடங்க, பின்னே விட்டுவிட்டு முன்னே பாய்ந்தார். இரும்பு அவர்மேல் விழவில்லை. அந்த ஒன்றுதான் எங்கள் நற்பேறு. தோளின் மேற்புறத் தசைநாணில் பகுதிக் கிழிசல் என்று படம் பார்த்துச் சொன்னார்கள். மருத்துவர் ஒருவர், "இந்த வயதில் எதற்கு இதெல்லாம்? இனித் தொடாதீர்கள், ஓய்வாக இருங்கள்" என்று முடித்துவிட்டார்.

மாமா ஓய்வாக இருந்தார். சரியாக எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் அவர் தொடை மெலிந்தது, வயிறு பருத்தது, மாடிப்படி ஏறுகையில் கைப்பிடியைத் தேடினார். ஆண்டு மருத்துவச் சோதனையில் சர்க்கரை எல்லைக்கு வந்து நின்றது. அத்தை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் உறுத்தியது. பயிற்சி மிகுந்து கெட்டதும் அவர் உடம்பே, ஓய்வு மிகுந்து கெட்டதும் அதே உடம்பே. இரண்டுக்கும் இடையே என்னதான் இருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். மலர்க்குழு நண்பர்கள் அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டதும், படித்ததை எழுதிவிடுவது என்று துணிந்தேன். நம்மில் பலருக்கும் ஊரில் நாற்பதும் ஐம்பதும் கடந்த தந்தையர், மாமன்மார் இருக்கிறார்கள் அன்றோ?

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிந்துகொள்ள வேண்டும். பளு தூக்கும்போது உடம்பு வலுப்பெறுவதில்லை, தளர்கிறது. தசைநார்களில் நுண்ணிய சிதைவு உண்டாகிறது, சேமித்த மாச்சத்து கரைகிறது, நரம்பும் சோர்கிறது. வலுப்பெறுவது பிறகு, இரும்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 1995இல் இதை அளந்தனர். இளைஞர்கள் ஒரு கைக்கு மட்டும் கடும் பயிற்சி செய்தார்கள். நான்கு மணி நேரத்தில் அக்கையின் தசையில் புரதம் உருவாகும் வேகம் மற்றக் கையினும் நூற்றுக்கு ஐம்பது மிகுந்திருந்தது. இருபத்து நான்கு மணியில் இரு மடங்குக்கும் மேலாயிற்று. முப்பத்தாறு மணியில் ஏறக்குறையப் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி செய்வது என்ற பழைய வழக்கத்துக்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. இளைஞனுக்கு, அதுவும் தசையைப் பொறுத்தவரை, கணக்கு சரியாகவே இருக்கிறது.

வயது ஏற ஏற இந்தக் கணக்கில் சில எண்கள் மாறுகின்றன. நம் தசையில் இருவகை நார்கள் உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை. விரைந்து சுருங்கிப் பெருவிசை தந்து சீக்கிரம் சோர்பவை மற்றொரு வகை. பளு தூக்குவோனுக்கு உயிர் இரண்டாம் வகையே. மூப்பு மெலியச் செய்வதும் முதலில் அதைத்தான். சிதைந்த நாரைச் செப்பனிடத் தசையின் ஓரத்தில் காத்திருக்கும் துணை உயிரணுக்களும் இவ்வகை நார்களைச் சுற்றியே அதிகம் குறைகின்றன. உண்ட உணவையும் செய்த பயிற்சியையும் கண்டு தசை புரதம் கட்டும் ஆர்வமும் மந்தமாகிறது. செப்பனிடும் வேலை நடக்கிறது, ஆனால் கொத்தனார் குறைவு, செங்கல் வண்டியும் தாமதமாக வருகிறது.

ஆனாலும் இதைக் கேட்டு அஞ்சிவிட வேண்டியதில்லை. பளு தூக்கும் போட்டிகளில் மூத்தோர்க்கென்று ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகள் உண்டு. எண்பது வயதினரும் மேடையேறுகிறார்கள். அவர்களுடைய பதிவுகளை ஆராய்ந்து டேவிட் மெல்ட்சர் என்பார் 1994இல் கண்டது, ஏறத்தாழ எழுபது வயது வரை தூக்கும் திறன் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரையே குறைகிறது என்பது. முப்பது வயதில் 100 கிலோ தூக்கியவர், விடாது பயின்றால், நாற்பதில் ஏறக்குறைய 85இலிருந்து 90 கிலோ வரை தூக்கலாம் என்று பொருள். மலையிலிருந்து உருளும் வீழ்ச்சி அன்று இது. காசிப் படித்துறைபோலப் படிப்படியான இறக்கம்.

அப்படியென்றால் மாமாவின் தோள் ஏன் கிழிந்தது? அவர் தசைதான் பத்து வாரத்தில் திரும்பிவிட்டதே!

விடை தசையில் இல்லை, தசையை எலும்போடு கட்டும் நாணில் இருக்கிறது. அதை அறிந்த விதம் நான் படித்தவற்றுள் எல்லாம் சுவையானது. ஆகவே சற்று விரித்தே சொல்கிறேன்.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அவ்வெடிப்புகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரி பெருகிற்று. 1963இல் வானவெளிச் சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானபோது அதன் அளவு இயல்பைப்போல ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. பிறகு ஆண்டுதோறும் சீராகக் குறைந்து வருகிறது. அந்தக் கரியைப் பயிர் உண்டது, பயிரை ஆடும் மாடும் மனிதனும் உண்டனர். ஆக, நம் உடம்பில் ஒரு பொருள் எந்த ஆண்டு உருவானதோ அந்த ஆண்டின் காற்று அதில் முத்திரை குத்தியிருக்கும். மனிதரைக் கொல்லச் செய்த குண்டு, மனித உடம்பின் வயதை அளக்கும் கடிகாரமாகப் பயன்பட்டது விந்தையே.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் குதிகால் நாணை எடுத்து இக்கடிகாரத்தைப் பார்த்தனர். 2013இல் வெளியான அவர்களுடைய முடிவு, நாணின் உட்பகுதி மனிதன் உயரம் வளர்கின்ற முதல் பதினேழு ஆண்டுகளில் உருவாகிறது, அதன்பின் புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம் என்பது. அதே ஆய்வில் தசையையும் பார்த்தார்கள். தசை இடையறாது புதுப்பிக்கப்பட்டு வந்தது. சில ஆண்டுகள் கழித்து முழங்கால் குருத்தெலும்பையும் இவ்வாறே ஆராய்ந்தனர். அதன் கொலாஜன் என்னும் கட்டுப்புரதமும் மாறுவதில்லை என்று தெரிந்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். என் மாமாவின் தசை சென்ற ஆண்டுத் தசை. ஆனால் அத்தசையைத் தாங்கும் நாணின் உள்ளிழை, அவர் சத்துவாச்சாரியில் பள்ளிக்கூடம் போன நாளில் திரித்த கயிறு. குதிகால் நாணில் கண்டதைத் தோள் நாணுக்கு அப்படியே பெயர்த்துவிடக் கூடாதுதான். ஆயினும் எல்லா நாண்களும் கொலாஜன் கயிறுகளே. ஆண்டுகள் செல்லச் செல்ல இரத்தத்துச் சர்க்கரை அக்கயிற்றின் புரிகளில் ஒட்டிக் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறது, கயிறு விறைக்கிறது. ஐம்பதை நெருங்குவோர் தோளில் வலி தெரியாத சிறு கிழிசல்கள் இருப்பதும் அரிதன்று.

நாண் அடியோடு உயிரற்ற கயிறு என்றும் நினைத்துவிடலாகாது. பயிற்சிக்குப்பின் அதிலும் புதுக் கொலாஜன் உருவாகிறது; முதல் நாளில் உச்சத்தை அடைந்து மூன்று நாள் வரை அந்த உற்பத்தி மிகுந்திருக்கிறது. ஆனால் அதே வேளையில் பழைய கொலாஜன் சிதைவதும் கூடுகிறது. பயிற்சி முடிந்த முதல் ஒன்றரை நாளில் சிதைவே மிஞ்சி நிற்கிறது. அதன் பிறகுதான் வரவு செலவை மிஞ்சுகிறது. திங்கட்கிழமை ஜெர்க் செய்து, செவ்வாய்க்கிழமையும் அதே தோளால் ஜெர்க் செய்பவன், கடன் கணக்கில் நிற்கும் நாணிடம் மேலும் கடன் கேட்கிறான். என் அட்டவணை வாரந்தோறும் செய்தது இதைத்தான். இருபத்தொரு வயதில் நான் தப்பினேன். தசை நாள்கணக்கிலும் நாண் மாதக்கணக்கிலும் வலுப்பெறுவதால், பழைய வீரன் திரும்பி வரும்போது ஆபத்து இன்னும் பெரிது. தசை "தூக்கலாம்" என்கிறது. நாண் பேசாமல் இருக்கிறது, தைலத்தின் வாடை வரும்வரை.

நிற்க. ஓய்வு என்றதும் நாம் நினைப்பது பயிற்சி இல்லாத நாளை மட்டுமே. உறக்கத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. வளர்ச்சிச் சுரப்பின் பெரும்பகுதி, குறிப்பாக ஆண்களில், இரவில் முதலில் வரும் ஆழ்ந்த உறக்கத்தின்போது இரத்தத்தில் கலக்கிறது. சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் 149 ஆண்களின் உறக்கத்தை அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது. 16 முதல் 25 வயது வரை உறக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆழ்ந்த உறக்கம். 36 முதல் 50 வயதில் அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே! வளர்ச்சிச் சுரப்பும் உடன் குறைந்தது. மூப்பு அறுபதில் தொடங்குவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, உறக்கம் முப்பத்தைந்திலேயே கிழமாகிவிடுகிறது. இரவுப்பணி மாறி மாறி வரும் இரயில்வே ஊழியரைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இரவுப்பணி முடித்து வந்த காலைகளில், ஐந்து மணிக்கு, மாமாவை நான் இரும்படிக்கு இழுத்த நாட்கள் உண்டு. அந்த நாட்களைக் குறித்து வைத்திருந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் புரட்டுவது இன்பமான வேலையன்று.

உணவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். அது பொதுமக்களுக்கு. மூத்தோர்க்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்றும், பயிற்சி செய்வோர்க்கு அதற்கும் மேல் என்றும் ஐரோப்பிய மருத்துவ வல்லுநர் கருதுகின்றனர். இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. ஒரு வேளை உணவில் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் இருந்தாலே இளைஞனின் தசை முழு வேகத்தில் புரதம் கட்டுகிறது. முதியவர் தசைக்கு அதே வேகம் வர 0.4 கிராம் வேண்டியிருக்கிறது. மாமா 75 கிலோ. ஆகவே வேளைக்கு 30 கிராம். காலையில் அவர் உண்பது நான்கு இட்லியும் சட்னியும். நான்கு இட்லியில் எட்டுக் கிராமுக்குமேல் தேறாது. இதைச் சொன்னபோது அத்தை, "இட்லியைக் குறை சொல்லத்தான் எம்.எஸ்ஸி. படிக்கிறியா?" என்றார். இப்போது இட்லியோடு இரண்டு முட்டை, கெட்டியான சாம்பார், ஒரு குவளைப் பால் என்று சமாதானம் ஏற்பட்டிருக்கிறது. கணக்கு முழுவதும் நேராகவில்லை. இருந்தும் முன்னிலும் மேல். கடைகளில் டப்பாவில் விற்கும் புரதப்பொடியைப் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். அதுவும் பாலிலிருந்து எடுத்த பொருளே. விலையைப் பார்த்தபின் எங்களுக்கு எருமைப்பாலே போதும் என்று தோன்றிற்று.

பயிற்சி முடிந்ததும் பனிக்கட்டி நீரில் அமிழ்ந்தால் அலுப்பு தீரும் என்று ஒரு வழக்கம் பரவி வருகிறது. அலுப்பு தீர்வது உண்மைதான். ஆயினும் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், வலுப்பயிற்சிக்குப் பின் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் குளிர்நீரில் அமிழ்ந்த இளைஞர்களின் தசை, பன்னிரண்டு வாரத்தில் மற்றவர்களினும் குறைவாகவே வளர்ந்தது. செப்பனிடும் வேலைக்கு முன்னுரையாக வரும் வீக்கத்தையும் வெப்பத்தையும் குளிர் அடக்கிவிடுகிறது போலும். மார்கழியில் கங்கையில் முழுகுவோர் புண்ணியத்துக்காக முழுகட்டும், தசைக்காக வேண்டாம்.

இனி, அந்த எட்டு மாத ஓய்வுக்கு வருவோம். வயதானவர்க்கு மீட்சி மெதுவாக வருகிறது என்றால், ஓய்வைக் கூட்டிக்கொண்டே போவதுதானே முறை என்று தோன்றும். மருத்துவரும் அப்படித்தான் எண்ணினார். ஆனால் முதுமையின் கொடுமை, அது மீட்சியை மெதுவாக்குகிறது, இழப்பை விரைவாக்குகிறது. அமெரிக்காவில் சராசரி 67 வயதுள்ள நலமான முதியோர் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் கிடக்கச் செய்து பார்த்தனர். பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோத் தசையை அவர்கள் இழந்தனர். நோயில்லை, காய்ச்சலில்லை, வெறும் ஓய்வு! உணவுக்குப்பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசையே. ஆகவே மாமாவின் தொடை மெலிந்ததும், அவர் சர்க்கரை ஏறியதும் இரண்டு செய்திகள் அல்ல.

அலபாமாப் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடத் தெளிவானது. 20 முதல் 35 வயது வரை உள்ளோரும், 60 முதல் 75 வரை உள்ளோரும் வாரம் மூன்று நாளாகப் பதினாறு வாரம் பயின்றனர். அதன்பின் முப்பத்திரண்டு வாரம், சிலர் அடியோடு நிறுத்தினர், சிலர் வாரம் ஒரே நாள் மூன்றில் ஒரு பங்கு செய்தனர், சிலர் ஒன்பதில் ஒரு பங்கே செய்தனர். இளைஞர்களுக்கு ஒன்பதில் ஒரு பங்கே தசையைக் காத்துக்கொடுத்தது. முதியோர்க்கு மூன்றில் ஒரு பங்கும் தசையின் பருமனைக் காக்கப் போதவில்லை. ஆனால் பலத்தை, அதாவது தூக்கும் ஆற்றலை, அந்தச் சிறிய பயிற்சியே பெரிதும் நிலைநிறுத்தியது. இளைஞன் நீண்ட விடுமுறை எடுக்கலாம், முதியவர்க்கு அந்த உரிமை இல்லை. அவருக்கு வேண்டுவது நிறுத்தமன்று, இடைவெளி.

தொண்ணூறு வயதிலும் தசை கற்றுக்கொள்ளும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1990இல் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் தளர்ந்திருந்த, சராசரி 90 வயதான பத்துப் பேர் எட்டு வாரம் கடும் கால் பயிற்சி செய்தனர். அவர்கள் கால் பலம் சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு கூடிற்று. இதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. "தொண்ணூறா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து பஸ்கி எடுத்தார். முழங்கால் நெறித்தது எனக்கே கேட்டது.

பிறகு நாங்களாக எதுவும் செய்யவில்லை. இயன்முறை மருத்துவம் பயின்ற ஓர் அம்மையாரிடம் போனோம். முதல் ஆறு வாரம் இரப்பர்ப் பட்டையும் வெறுங்கோலும்தான். நூறு கிலோவைத் தலைக்குமேல் நிறுத்திய மனிதர், ஒரு விளக்குமாற்றுக் கட்டையைத் தூக்கிக் காட்டி, "சரியா, டாக்டரம்மா?" என்று கேட்பதைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் வெட்கப்படவில்லை என்று பின்னால் தெரிந்தது. வெட்கப்பட்டவன் நான்.

இப்போது அவர் அட்டவணை அவரே எழுதியது. கடும் பயிற்சி வாரம் இரண்டே நாள், ஞாயிறும் வியாழனும். ஒரு தூக்குக்கும் அடுத்த தூக்குக்கும் இடையே நான் இரண்டு நிமிடம் நிற்பேன். அவர் நான்கைந்து நிமிடம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். உடம்பைச் சூடாக்க எனக்குப் பத்து நிமிடம், அவருக்கு அரைமணி. செவ்வாய்க்கிழமை வெறுங்கோலும் நடையும். நான்காம் வாரம் எல்லாமே பாதி. இரவுப்பணி முடிந்த மறுநாள் இரும்பைப் பார்ப்பதே இல்லை. காலையில் தோளை அசைக்கும்போது வலி முந்தின நாளினும் கூடியிருந்தால், அன்று எடை இறங்கும். இந்த எண்களெல்லாம் ஆய்வுக்கூடம் வகுத்த சட்டமல்ல. மேலே சொன்ன மூன்று நாள் கணக்கை ஒட்டி, அவர் உடம்பைக் கேட்டுக் கேட்டுத் திருத்தியவை. வேறொருவர் உடம்பு வேறு எண்ணைச் சொல்லலாம்.

இதில் புதுமை ஒன்றுமில்லை என்பதை இங்குள்ள அகாடாவில் ஒருநாள் கண்டேன். கங்கைக்கரைச் சந்தில், கடுகெண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய மண் களம். சுவரோரம் கதாயுதங்களும், நம் ஊர்க் கர்லாக்கட்டைக்கு அண்ணன் போன்ற 'ஜோடி'களும். அறுபத்தைந்து வயதிருக்கும் பயில்வான் ஒருவர் நாள் தவறாமல் வருகிறார், மண்ணைக் கொத்துகிறார், பையன்களைத் திட்டுகிறார், எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார். பெரிய கதையை மட்டும் நாள்தோறும் தொடுவதில்லை. மாமாதான் இதை முதலில் கவனித்து எனக்குக் காட்டினார்.

உலக மேடையிலும் இத்தகையோர் உண்டு. அமெரிக்காவின் நார்பர்ட் ஷெமான்ஸ்கி 1948இல் வெள்ளியும் 1952இல் தங்கமும் பெற்றவர். இடையே முதுகில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு, 1960இல் வெண்கலத்துடன் திரும்பினார். 1964இல் டோக்கியோவில், நாற்பது வயதில், மீண்டும் வெண்கலம். ஹங்கேரியின் இம்ரே ஃபோல்டி ஐந்து ஒலிம்பிக்கில் தூக்கியவர்; 1964இலும் 1968இலும் வெள்ளியோடு நின்று, 1972இல் 34 வயதில் தங்கம் கண்டார். நம் மீராபாய் சானு 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றதை அறிவோம். 2024இல் பாரிசில், தம் முப்பதாம் பிறந்த நாளுக்கு முந்திய நாள், 199 கிலோ தூக்கி நான்காம் இடம் பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை வாட்டியது எதிராளியைவிட இடுப்புக் காயமே. மூன்று கிலோ வேறுபாட்டைப் பார்த்து 'முடிந்தது' என்று எழுதியவர்களை நான் படித்தேன். எழுதியவர்கள் அரிசி மூட்டையாவது தூக்கியவர்களா என்பது என் ஐயம்.

சென்ற ஞாயிறு மாமா ஸ்னாட்ச் முறையில் 50 கிலோ எடுத்தார். அவருடைய இளமையில் அது சூடேற்றும் எடை. மூன்று முறை எடுத்தார், மூன்றும் சுத்தம், தோள் பேசாமல் இருந்தது. சர்க்கரையும் எல்லையை விட்டு இறங்கியிருக்கிறது. எனக்கோ தேர்வுக்காலம். என் முறை வந்தபோது கோலில் 80 கிலோ மாட்டியிருந்தேன். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?"

"மூணு மணி, மாமா."

"அப்போ ரெண்டு பக்கமும் பத்துப் பத்துக் கிலோவைக் கழட்டு."

கழற்றினேன்.